ஓம் / இல்லை டேட்டாவுக்கு கொரிலேஷன் பாக்கிறது எப்பிடி: புதுசா தொடங்குற ஆக்களுக்கு

கேள்விக்கொத்து அடிச்சு, ஊர் ஊரா போய் டேட்டா எடுத்து, எல்லாத்தையும் எக்செல்ல போட்டு முடிச்ச பிறகுதான் கனபேருக்கு இந்த சந்தேகம் வரும். என்ட ரெண்டு கேள்வியும் ஓம் / இல்லை கேள்வி, இதுக்கு எப்பிடி கொரிலேஷன் (ரெண்டும் எவ்வளவு சேந்து போகுது எண்ட அளவு) பாக்கிறது, வழமையான பியர்சன் கொரிலேஷன் போடலாமா, போட்டா சுப்பவைசர் ஏசுவாரா, யூடியூப்ல ஒருத்தர் ஃபை எண்டுறார் இன்னொருத்தர் டெட்ராகோரிக் எண்டுறார் மூண்டாவது ஆள் கை-ஸ்குயார் (தொடர்பு இருக்கா இல்லையா எண்டு பாக்கிற டெஸ்ட்) போதும் எண்டுறார். திருகோணமலை கோணேசபுரி கம்பஸ் பிள்ளைகளும் சரி, சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைகளும் சரி, என்.ஜி.ஓ.ல சேர்வே செய்யிற ஆக்களும் சரி, கேக்கிறது இதே கேள்விதான். அதால ஒரே இடத்தில எழுதி வைக்கிறன், தேவைப்பட்டா ஆருக்கும் அனுப்பி விடுங்க.

ஒரு விஷயத்த முதலே சொல்லிடுறன். நீங்க எந்த பட்டனை அமத்தினாலும் சொஃப்ட்வெயார் ஒரு நம்பர் தரும், மூண்டு பட்டனை அமத்தினா மூண்டு நம்பர் தரும். அதுல எது உங்கட நம்பர் எண்டது அதுக்குத் தெரியாது. நீங்க கேட்ட கேள்வியில அந்த 'ஓம்'க்குப் பின்னால என்ன இருக்கு எண்டதுலதான் எல்லாம் கிடக்கு. மெனு எங்க இருக்கு எண்டு காட்டுறது அஞ்சு நிமிஷ வேலை, மிச்சம் முழுக்க இந்த யோசினைதான்.

கட்டளைப் பேர், மெனுப் பேர் எல்லாத்தையும் இஞ்ச தமிழ் எழுத்திலதான் எழுதுறன். கொம்பியூட்டர்ல டைப் பண்ணக்குள்ள இங்கிலீஷ்லதான் போடோணும், 'ஆர்' எண்ட இலவச சொஃப்ட்வெயார்ல எண்டா பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமும் பாக்கும், கவனம்.

முதல்ல டேட்டாவ துப்புரவாக்குங்க

உதாரணத்துக்கு ஒரு சேர்வே எடுப்பம். கிண்ணியா, மூதூர், நிலாவெளி, உப்புவெளி பக்கம் 200 போட்காரரிட்ட போய் கேட்டதா வைப்பம். இது பழகுறதுக்காக நான் கணக்கு லேசா வரோணும் எண்டு ஆக்கின எண்கள், உண்மையான சேர்வே இல்ல, தயவுசெய்து ஆரும் இத எடுத்து திருகோணமலை மீனவர் நிலவரம் எண்டு எழுதிப்போடாதீங்க. நாலு கேள்வி. போட்ல ஜி.பி.எஸ். இருக்கா, லைஃப் ஜாக்கெட் இருக்கா, வாடைக் காலத்தில கடலுக்குப் போகப் பயமா, வானிலை அறிவிப்பைக் கேட்டு அதன்படி நடப்பீங்களா. நாலுக்கும் ஓம் அல்லது இல்லை.

ஓம் எண்டா 1, இல்லை எண்டா 0 எண்டு போடுங்க. 1, 2 எண்டு போட்டாலும் கொரிலேஷனின்ட அளவு மாறாது. ஆனா ஒரு கேள்விக்கு 1 = ஓம், இன்னொரு கேள்விக்கு 1 = இல்லை எண்டு மாறிப் போட்டா குறி தலைகீழாகி பிளஸ் மைனஸாகும். டேட்டா அடிச்சது நாலு பேரெண்டா இது கட்டாயம் நடக்கும் எண்டு நினைச்சே செக் பண்ணுங்க.

இதவிட மோசமானது 'தெரியாது', 'பதில் இல்ல' எண்ட விடையள். அதுக்கு சிலர் 9 போடுவாங்க, சிலர் 99 போடுவாங்க, அது பிழை இல்ல, ஆனா அது மிஸ்ஸிங் எண்டு சொஃப்ட்வெயாருக்குச் சொல்லாம விட்டா அது உண்மையாவே 99 எண்ட ஒரு அளவு எண்டு நினைச்சு கணக்குப் போடும். 200 பேர்ல ரெண்டு பேர் ரெண்டு கேள்விக்கும் 99 எடுத்திருந்தாலே காணும், 0.99க்கும் மேல ஒரு கொரிலேஷன் வந்து நிக்கும், பிள்ளை சந்தோஷத்தில துள்ளும். எஸ்.பி.எஸ்.எஸ். எண்ட சொஃப்ட்வெயார்ல வேரியபிள் வியூக்குப் போய் மிஸ்ஸிங் எண்ட நிரல்ல 99ஐ குடுங்க. எக்செல்ல எண்டா அந்த செல்ல வெறுமையா விடுங்க. ஆர்ல 'என்.ஏ.' ஆக்குங்க, ரெண்டும் கெப்பிட்டல்.

பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் ஃப்ரீக்குவென்சி ஒருக்கா ஓட்டிப் பாருங்க. 0, 1 தவிர வேற எதுவும் வரக்கூடாது. எத்தினை வீதம் ஓம் எண்டதையும் ஒரு பேப்பர்ல எழுதி வைங்க, அது கொஞ்ச நேரத்தில தேவைப்படும்.

நாலு பெட்டி டேபிள்

ரெண்டு ஓம் / இல்லை கேள்வியின்ட முழுக் கதையும் நாலு நம்பருக்குள்ள அடங்கும். அதால எந்த கொரிலேஷனும் போட முதல் இந்த டேபிளைப் பாருங்க. எங்கட உதாரணத்தில ஜி.பி.எஸ்.உம் ஜாக்கெட்டும் ரெண்டும் இருக்கிற ஆக்கள் 60, ஜி.பி.எஸ். மட்டும் 20, ஜாக்கெட் மட்டும் 40, ரெண்டும் இல்லாத ஆக்கள் 80. மொத்தம் 200. இத அ, ஆ, இ, ஈ எண்டு பேர் வைப்பம், அ = 60, ஆ = 20, இ = 40, ஈ = 80.

இதைப் பாத்தவுடனே ஒரு விஷயம் விளங்குது. ஜி.பி.எஸ். வச்சிருக்கிற 80 பேர்ல 60 பேரிட்ட ஜாக்கெட் இருக்கு, அதாவது 75 வீதம். ஜி.பி.எஸ். இல்லாத 120 பேர்ல 40 பேரிட்டதான் இருக்கு, 33 வீதம். உண்மையச் சொன்னா வாசிக்கிற ஆளுக்கு இந்த ரெண்டு வீதமும் எந்தக் குணகத்தவிடவும் (கொரிலேஷன் மாதிரி தொடர்பக் காட்டுற எண்ணைத்தான் குணகம் எண்டுறது) நல்லா விளங்கும், ஆனா ரிசேர்ச்ல கொரிலேஷன் கேக்கிறாங்களே, அதால தொடருவம்.

200 வரியையும் அடிக்காம இந்த நாலு நம்பரை மட்டும் வச்சுப் பழகலாம். எஸ்.பி.எஸ்.எஸ்.ல நாலு வரி போடுங்க, ஜி.பி.எஸ்., ஜாக்கெட், எண்ணிக்கை எண்டு மூண்டு நிரல், பிறகு டேட்டா மெனுவில கீழ இருக்கிற வெயிட் கேசஸ்க்குப் போய் எண்ணிக்கை நிரலைக் குடுங்க. அவ்வளவுதான், அது 200 பேர் எண்டு எடுத்துக்கொள்ளும். வேலை முடிஞ்ச பிறகு அத ஓஃப் பண்ண மறக்காதீங்க.

ஃபை: பியர்சனேதான்

இப்ப அந்தப் பெரிய சந்தேகம். பியர்சன் போடலாமா? போடலாம். ரெண்டு வேரியபிளும் 0, 1 எண்டு இருக்கக்குள்ள நீங்க பியர்சன் கொரிலேஷன் போட்டா வாறதுதான் ஃபை குணகம். ரெண்டும் வேற வேற சாமான் இல்ல. கையால போட்டுப் பாருங்க: அ × ஈ இலிருந்து ஆ × இ ஐ கழிக்கோணும், 4800 − 800 = 4000. அத நாலு மொத்தத்தின்ட பெருக்கத்தின்ட வர்க்கமூலத்தால பிரிக்கோணும். மொத்தங்கள் 80, 120, 100, 100. பெருக்கினா 9,60,00,000, வர்க்கமூலம் கிட்டத்தட்ட 9798. 4000 ÷ 9798 = 0.408. இதுதான் ஃபை.

எக்செல்ல 200 வரியும் இருந்தா 'கோரல்' எண்ட ஃபங்ஷன், ரெண்டு நிரலையும் குடுங்க, அதே 0.408 வரும். எஸ்.பி.எஸ்.எஸ்.ல அனலைஸ், டிஸ்கிரிப்டிவ் ஸ்டாடிஸ்டிக்ஸ், க்ரொஸ்டாப்ஸ் எண்டு போய், ஒண்டை ரோவுக்கும் மற்றதை கொலமுக்கும் போட்டு, ஸ்டாடிஸ்டிக்ஸ் பட்டனை அமத்தி, கை-ஸ்குயாருக்கும் 'ஃபை அண்ட் க்ராமேர்ஸ் வி'க்கும் டிக் போடுங்க. அதே அனலைஸ் மெனுவில கொரலேட், பைவேரியட் எண்டு போய் பியர்சன் போட்டாலும் இதே நம்பர்தான், நம்பாட்டி ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. எஸ்.பி.எஸ்.எஸ். வாங்க வழியில்லாத ஆக்களுக்கு ஜமோவி இலவசம், அதுல ஃப்ரீக்குவென்சீஸ் எண்டதுக்குள்ள இருக்கிற கை-ஸ்குயார் டேபிள்ல ஃபைக்கு ஒரு டிக் இருக்கு. பி.எஸ்.பி.பி.யும் இலவசம், பாக்க எஸ்.பி.எஸ்.எஸ். மாதிரியே இருக்கும். க்ரெக் பண்ணின எஸ்.பி.எஸ்.எஸ். எண்டு பென்ட்ரைவ்ல சுத்துறத லெப்டொப்ல போட்டு வைரஸ் வாங்கிறதவிட இது எவ்வளவோ மேல்.

ரெண்டு பொறி இருக்கு இஞ்ச. முதலாவது குறி. ஃபையின்ட வர்க்கம் எண்டது கை-ஸ்குயாரை மொத்த ஆக்களால பிரிச்சா வாறது, எங்கட டேபிள்ல கை-ஸ்குயார் 33.33, அத 200ஆல பிரிச்சா 0.1667, வர்க்கமூலம் 0.408. சில சொஃப்ட்வெயார் இந்த வழியாலதான் ஃபைய எடுக்கும், அப்ப குறி தொலைஞ்சு போகும், எதிர்த் தொடர்பா இருந்தாலும் பிளஸ்லதான் காட்டும். அதால டேபிளைப் பாத்து எந்தப் பக்கம் எண்டு நீங்களே முடிவெடுங்க, இல்லாட்டி பியர்சனையும் ஒருக்கா ஓட்டி குறியைப் பாருங்க.

ரெண்டாவது பொறி ஆர் பாவிக்கிற ஆக்களுக்கு. ஆர்ல கை-ஸ்குயார் டெஸ்ட் கட்டளை ரெண்டுக்கு ரெண்டு டேபிள் எண்டா தானாவே யேட்ஸ் திருத்தத்தப் (கை-ஸ்குயாரைக் கொஞ்சம் குறைக்கிற திருத்தம்) போட்டிடும், நீங்க கேக்காமலே. அப்ப 33.33க்குப் பதிலா 31.69 வரும், அத வச்சு ஃபை கணக்குப் போட்டா 0.398. பெரிய வித்தியாசம் இல்லத்தான், ஆனா கூட்டாளி 0.408 எண்டு காட்ட நீங்க 0.398 எண்டு காட்டினா ஆரு பிழை எண்டு ரெண்டு பேரும் மண்டையப் பிய்க்கோணும். 'கரெக்ட்' எண்டதுக்கு 'ஃபோல்ஸ்' குடுத்தா திருத்தம் போடாது.

எஸ்.பி.எஸ்.எஸ். சிக்னிஃபிகன்ஸ் (பி பெறுமதி, தொடர்பே இல்லாட்டியும் தற்செயலா இப்பிடி வர எவ்வளவு சாத்தியம் எண்டது) எண்ட இடத்தில 0.000 எண்டு காட்டினா அது பூச்சியம் இல்ல, 0.001க்கும் குறைவு எண்டு அர்த்தம், அப்பிடியே எழுதுங்க. எதிர்பார்க்கிற எண்ணிக்கை (தொடர்பே இல்லாட்டி அந்தப் பெட்டிக்கு வரவேண்டிய ஆக்கள்) 5க்கு குறைஞ்ச பெட்டி இருந்தா ஃபிஷர் எக்ஸாக்ட் டெஸ்டைப் பாருங்க, ரெண்டுக்கு ரெண்டு டேபிள்ல கை-ஸ்குயார் கேட்டாலே எஸ்.பி.எஸ்.எஸ். அதையும் கூட வச்சுத் தரும்.

ஃபை ஏன் சின்னதா வருது

"எல்லா கொரிலேஷனும் 0.2, 0.3தான் வருது, என்ட டேட்டா சரியில்லையா?" எண்டு கேட்டு மெசேஜ் வராத மாசம் இல்ல. டேட்டாவில பிழை இருக்கோணும் எண்டில்ல. ரெண்டு கேள்விக்கும் ஓம் சொன்ன வீதம் வேற வேறயா இருந்தா ஃபை 1க்குப் போகவே ஏலாது. பேப்பர்ல எழுதி வைக்கச் சொன்ன வீதம் இப்பதான் வேணும்.

இன்னொரு டேபிள் போடுவம். ஒரு கேள்விக்கு 200 பேர்ல 20 பேர்தான் ஓம், மற்றக் கேள்விக்கு 100 பேர் ஓம். அந்த 20 பேரும் மற்றதுக்கும் ஓம் சொல்லியிருக்காங்க, ஒருத்தர் கூட விலகல்ல. அ = 20, ஆ = 0, இ = 80, ஈ = 100. இதுக்கு மேல இறுக்கமா ஒட்ட ஏலாது, ஆனா ஃபை எவ்வளவு? 20 × 100 = 2000, கீழ 20 × 180 × 100 × 100 இன்ட வர்க்கமூலம் 6000, ஆக 0.333. அவ்வளவுதான். 10 வீதத்துக்கும் 50 வீதத்துக்கும் இடையில ஃபை போகக்கூடிய உச்சமே 0.333.

ஜி.பி.எஸ். டேபிள்ல 40 வீதமும் 50 வீதமும், அதுக்கு உச்சம் 0.816. அதுல 0.408 எண்டா உச்சத்தின்ட சரி பாதி. சிலர் இப்பிடிப் பிரிச்சு 'ஃபையை உச்சத்தால பிரிச்சது' எண்டு ஒரு நம்பர் எழுதுவாங்க, எனக்கு அது அவ்வளவு பிடிக்காது, ஏனெண்டா அந்த நம்பருக்கு என்ன அர்த்தம் எண்டு கேட்டா ஒருத்தராலயும் நேரா பதில் சொல்ல ஏலாது. உச்சம் இவ்வளவு எண்டு ஒரு வரி எழுதி விட்டா வாசிக்கிற ஆள் விளங்கிக்கொள்ளுவார்.

டெட்ராகோரிக் எண்டா என்ன

இப்ப மற்ற ரெண்டு கேள்விக்கு வருவம், பயமா, அறிவிப்பின்படி நடப்பீங்களா. இது ஜி.பி.எஸ். மாதிரி இல்ல. ஜி.பி.எஸ். ஒண்டில் இருக்கும் இல்லாட்டி இல்ல, அரைவாசி ஜி.பி.எஸ். எண்டு ஒண்டு இல்ல. ஆனா பயம் அப்பிடியா? ஒருத்தருக்கு கொஞ்சம் பயம், இன்னொருத்தருக்கு வயித்தக் கலக்குற பயம், நாங்கதான் கேள்விக்கொத்தில இடம் காணாம ஓம் / இல்லை எண்டு வெட்டிப்போட்டம். புறாத்தீவுப் பக்கம் போட்ல போகக்குள்ள பாத்திருப்பீங்க, சில கல்லு தண்ணிக்கு மேல தெரியும், சிலது தெரியாது. தெரியிறதெல்லாம் ஒரே உயரம் இல்ல, தெரியாததெல்லாம் ஒரே ஆழமும் இல்ல, தண்ணி மட்டம் எங்க நிக்குதோ அதால ரெண்டா பிரிஞ்சு கிடக்கு. எங்கட ஓம் / இல்லையும் அப்பிடித்தான், அடியில தொடர்ச்சியான ஒரு அளவு இருக்கு, ஒரு மட்டத்துக்கு மேல போனா ஆள் 'ஓம்' எண்டுவார். அந்த மட்டத்தத்தான் த்ரெஷோல்ட் எண்டுறது.

டெட்ராகோரிக் கேக்கிற கேள்வி இது: அடியில இருக்கிற அந்த ரெண்டு அளவையும் நேரா அளந்திருந்தா கொரிலேஷன் எவ்வளவா இருந்திருக்கும்? அதுக்கு அது ஒரு அனுமானம் எடுக்கும், ரெண்டு அளவும் சேந்து நோர்மல் பரவல்ல (மணி வடிவப் பரவல்) இருக்கு எண்டு. அந்த அனுமானத்த நீங்க ஏத்துக்கொண்டாத்தான் நம்பருக்கு மரியாதை.

1900ல கார்ல் பியர்சன் கொண்டுவந்த முறை இது. அதே காலத்தில உட்னி யூல் எண்டவர் 'க்யூ' எண்டு வேற ஒரு குணகத்தக் கொண்டுவந்தார், அடியில எதுவும் இருக்கு எண்டு நினைக்கத் தேவையில்லாத குணகம். ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. பியர்சன் பக்கம் பெரியம்மைத் தடுப்பூசி போட்டவங்க போடாதவங்க, தப்பினவங்க செத்தவங்க எண்ட டேபிளுக்கும் இந்த முறையப் போட்டாங்க. 1912ல யூல் கேட்டது நியாயமான கேள்வி, செத்த ஆக்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் செத்திருக்காங்க, அதுல கூடச் செத்தவர் குறையச் செத்தவர் எண்டு அடியில என்ன அளவு இருக்கு? அடுத்த வருஷம் பியர்சனும் அவரோட வேலை செய்த ஹெரனும் 150 பக்கத்துக்கு மேல மறுமொழி எழுதினாங்க. நூறு வருஷத்துக்கு மேல போயிட்டுது, இண்டைக்கும் உங்கட சுப்பவைசருக்கும் உங்களுக்கும் இடையில நடக்கிறது இதே சண்டைதான்.

ஓட்டிப் பாக்கிறது

எஸ்.பி.எஸ்.எஸ்.இன்ட வழக்கமான மெனுவில டெட்ராகோரிக்குக்கு பட்டன் தேடாதீங்க. ஆரோட இணைச்சு ஓட்டுற வழி இருக்கு, அதுக்கு அலையிறதவிட நேரா ஆர்லயே செய்யலாம். ஸ்டேட்டா இருக்கிற ஆக்கள் 'டெட்ராகோரிக்' எண்டு அடிச்சு ரெண்டு வேரியபிள் பேரையும் குடுத்தா முடிஞ்சுது. சாஸ் எண்டா ப்ரொக் ஃப்ரீக்ல 'பி.எல்.கோர்' எண்ட ஒப்ஷன்.

ஆர்ல 'சைக்' எண்ட பேக்கேஜை இன்ஸ்டோல் பண்ணுங்க, எழுத்து பி, எஸ், வை, சி, எச். ஒருக்கா இன்ஸ்டோல் பண்ணினா காணும், ஆனா ஒவ்வொரு முறை ஆரைத் திறக்கக்குள்ளயும் 'லைப்ரரி' கட்டளையால கூப்பிடோணும். கூப்பிடாம கட்டளையப் போட்டு 'ஃபங்ஷன் இல்ல' எண்டு சிவப்பு எழுத்து வந்தா பயப்படாதீங்க, காரணம் அதுதான். பிறகு 'டெட்ராகோரிக்' எண்டு அடிச்சு அடைப்புக்குள்ள நாலு பெட்டி எண்ணையும் 'சி' கட்டளையால சேத்துக் குடுங்க. முழு டேட்டா இருந்தா அந்த ரெண்டு நிரலையும் குடுக்கலாம். அதே பேக்கேஜ்ல 'ஃபை' எண்ட கட்டளையும் இருக்கு, அது ரெண்டு தசம தானத்துக்குத்தான் காட்டும், 0.41 எண்டு.

முதன்முதல் ஓட்டக்குள்ள விடை தெரிஞ்ச டேபிளை ஓட்டுங்க, அப்பதான் சரியா செய்யிறமா எண்டு தெரியும். பயமும் அறிவிப்பும் 75, 25, 25, 75 எண்டு வைப்பம். ரெண்டு கேள்விக்கும் ஓம் சரியா 50 வீதம். ஃபை 0.5, இத கையால பாக்கலாம். ரெண்டு பக்கமும் 50 வீதமா இருக்கக்குள்ள மட்டும் டெட்ராகோரிக்குக்கு லேசான வழி ஒண்டு இருக்கு, ஃபையை 90 பாகையால பெருக்கி வாறதின்ட சைன் எடுத்தா சரி. 0.5 × 90 = 45 பாகை, சைன் 45 = 0.707. ஆர் 0.71 எண்டு காட்டும், கீழ 'டவ்' எண்டு ரெண்டு பூச்சியம் காட்டும், அதுதான் த்ரெஷோல்ட், பாதிப் பேர் மேல பாதிப் பேர் கீழ எண்டா பூச்சியம்தான் வரோணும். இது வந்தா உங்கட கொம்பியூட்டரும் நீங்களும் சரி.

ஸ்டாண்டர்ட் எரர் (விடை எவ்வளவு கூடிக் குறையலாம் எண்ட அளவு) வேணுமெண்டா 'பொலிகோர்' எண்ட பேக்கேஜ், அதுல 'பொலிகோர்' எண்டே ஒரு கட்டளை, ஆனா பேக்கேஜ் பேர்ல கடைசியில ஆர், கட்டளைப் பேர்ல நடுவில ஒரு எச் கூட வரும், இத டைப் பண்ணக்குள்ள எல்லாரும் ஒருக்கா தடுக்கி விழுவாங்க. ஸ்டாண்டர்ட் எரர் கேட்டா 'ட்ரூ' குடுக்கோணும். டெட்ராகோரிக்கின்ட எரர் சாதாரண கொரிலேஷனைவிடப் பெரிசா இருக்கும். 40, 50 பேரை வச்சு டெட்ராகோரிக் போட்டு மூண்டு தசமத்துக்கு எழுதுறதப் பாத்தா சிரிப்புத்தான் வரும்.

அப்ப எத எடுக்கிறது

இப்ப ஜி.பி.எஸ்., ஜாக்கெட் டேபிளுக்கும் டெட்ராகோரிக் ஓட்டினா 0.61 வரும். ஃபை 0.41, டெட்ராகோரிக் 0.61, யூலின்ட க்யூ 0.71, ஒட்ஸ் ரேஷியோ (அ × ஈ ஐ ஆ × இ ஆல பிரிச்சது) 6. ஒரே நாலு நம்பர்ல இருந்துதான் இவ்வளவும். கைய வச்சு ஆசையா 0.71ஐ எடுப்பம் எண்டு மனசு சொல்லும், அதுக்கு இடம் குடுக்காதீங்க. பெரிசா இருக்கு எண்டு ஒரு குணகத்த எடுக்கிறது ஆய்வில்ல, சந்தையில தராசை மாத்துற வேலை.

நான் சொல்லுறது இது. ரெண்டும் உண்மையாவே ரெண்டு நிலைதான் எண்டா, ஜி.பி.எஸ்., ஜாக்கெட், ஆண் பெண், ஊசி போட்டது போடாதது, ஃபையும் ஒட்ஸ் ரேஷியோவும் எழுதுங்க. ரெண்டுக்கும் அடியில தொடர்ச்சியான ஒண்டு இருக்கு, உங்கட கேள்வியும் அந்த அடியில இருக்கிறதப் பத்தினது எண்டா டெட்ராகோரிக், ஃபையையும் பக்கத்தில போடுங்க. ஒண்டு ரெண்டு நிலை, மற்றது வெட்டின அளவு எண்டா கொஞ்சம் சிக்கல், அதுக்கு ஃபையோட நிண்டுகொள்ளுறது புதுசா செய்யிற ஆளுக்குப் பாதுகாப்பு.

ஆனா எல்லாத்துக்கும் முதல், அந்த வெட்டு நீங்களே போட்டதா எண்டு பாருங்க. சித்த மருத்துவப் பிள்ளைகள் கனபேர் வெறும் வயித்தில எடுத்த சுகர் அளவ 126க்கு மேல கீழ எண்டு ரெண்டாக்கிட்டு வந்து டெட்ராகோரிக் கேப்பாங்க. கையில உண்மையான அளவு இருக்கே ராசா, பிறகென்னத்துக்கு அத வெட்டி, வெட்டினதுக்குப் பின்னால என்ன இருந்திருக்கும் எண்டு சொஃப்ட்வெயாரிட்ட ஊகம் கேக்கிறது. நீரிழிவு இருக்கா எண்டு முடிவெடுக்க 126 வேணும், கொரிலேஷனுக்கு வேணாம். ஓ.எல். புள்ளியும் அப்பிடித்தான், 34க்கு டபிள்யூ 35க்கு எஸ், ஆனா அந்த ரெண்டு பிள்ளைக்கும் இடையில இருக்கிறது ஒரு புள்ளி. புள்ளி கையில இருந்தா புள்ளியையே பாவியுங்க, சித்தி / சித்தியில்லை மட்டும்தான் கிடைச்சுது எண்டா வேற கதை.

ஊரைப் பிரிச்சுப் பாருங்க

இத ஒருத்தரும் செய்யிறதில்ல, அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன். எங்கட மாவட்டத்தில திட்டம் வாறது ஊர் ஊராத்தான். ஒரு ஊருக்கு ஒரு திட்டத்தில ஜி.பி.எஸ்.உம் ஜாக்கெட்டும் சேத்துக் குடுத்திருந்தா, மற்ற ஊருக்கு ரெண்டும் குடுக்காம விட்டிருந்தா, 200 பேரையும் ஒண்டாப் போட்டா ஃபை நல்லா வரும். ஆனா அதுக்கு அர்த்தம் 'ஜி.பி.எஸ். வாங்கிற ஆள் பாதுகாப்பில அக்கறையான ஆள்' எண்டில்ல, 'அந்த ஊருக்குச் சாமான் வந்தது' எண்டதுதான். ஒவ்வொரு ஊரையும் தனித்தனியா எடுத்தா தொடர்பே இல்லாமலும் போகலாம், சிலவேளை எதிராவும் வரலாம்.

எஸ்.பி.எஸ்.எஸ். க்ரொஸ்டாப்ஸ்ல லேயர் எண்டு ஒரு பெட்டி இருக்கு, ஊர் எண்ட வேரியபிளை அதுக்குள்ள போடுங்க, ஊருக்கு ஒரு டேபிள், ஊருக்கு ஒரு ஃபை வரும். எல்லா ஊரிலயும் கிட்டத்தட்ட ஒரே அளவெண்டா நிம்மதி. இல்லாட்டி அந்த வித்தியாசம்தான் உங்கட கண்டுபிடிப்பு, அத மறைக்காம எழுதுங்க. இதுக்காக சேர்வேலயே ஊர்ப் பேரையும், 'இத நீங்க வாங்கினதா, திட்டத்தில கிடைச்சதா' எண்டதையும் கேட்டு வைக்கிறது நல்லம், டேட்டா எடுத்து முடிஞ்ச பிறகு திரும்ப கிண்ணியாப் பாலம் தாண்டிப் போய் கேக்கிறது சில்லறை வேலை இல்ல.

பூச்சியப் பெட்டி

மேல போட்ட 20, 0, 80, 100 டேபிளை டெட்ராகோரிக்குக்குக் குடுத்தா என்ன நடக்கும்? ஒரு பெட்டி பூச்சியம், அதால கணக்கு 1ஐ நோக்கி ஓடும். ஃபை 0.333, டெட்ராகோரிக் 1, ரெண்டும் ஒரே டேபிள். சைக் பேக்கேஜ் இதத் தடுக்க பூச்சியத்துக்குப் பதிலா 0.5 எண்டு போட்டுக் கணக்குப் போடும், போட்டதா ஒரு எச்சரிக்கையும் தரும். வேற சொஃப்ட்வெயார் வேற மாதிரிச் செய்யும், அதால ஒரே டேட்டாவுக்கு ரெண்டு இடத்தில ரெண்டு விடை வாறது சகஜம். எச்சரிக்கை வந்தா மூடிப்போட்டு போகாதீங்க, எந்தப் பெட்டி எண்டு பாருங்க, அந்த விடைய நம்பி பெரிய முடிவு எடுக்காதீங்க. ஒரு பெட்டியில ஒருத்தர் ரெண்டு பேர் இருந்தாலும் இதே ஆட்டம்தான், ஒரு ஆள் விடைய மாத்தினா குணகம் எங்கயோ போய் நிக்கும்.

பத்து இருபது கேள்வி இருந்தா

ஓம் / இல்லை கேள்வி கனக்க வச்சு ஃபெக்டர் அனாலிசிஸ் (எந்தக் கேள்வியள் ஒண்டாச் சேருது எண்டு பாக்கிற முறை) செய்யப் போறவங்களுக்கு டெட்ராகோரிக் உண்மையா உதவும். ஃபைய வச்சுச் செய்தா எல்லாரும் ஓம் சொல்லுற லேசான கேள்வியள் ஒரு கூட்டமாவும், ஒருத்தரும் ஓம் சொல்லாத கேள்வியள் இன்னொரு கூட்டமாவும் சேந்து நிக்கப் பாக்கும், கருத்தில ஒண்டா இருக்கிறதால இல்ல, வீதம் ஒண்டா இருக்கிறதால. சைக் பேக்கேஜ்ல 'எஃப்.ஏ.' கட்டளைக்குள்ள 'கோர்' எண்ட இடத்தில 'டெட்' எண்டு குடுத்தா டெட்ராகோரிக் மெட்ரிக்ஸை அதுவே செய்து எடுக்கும். 'பொசிட்டிவ் டெஃபினிட் இல்ல' எண்டு எச்சரிக்கை வரலாம். ஒவ்வொரு சோடியையும் தனித்தனியா கணக்குப் போட்டதால மொத்தமா சேத்தா ஒண்டோட ஒண்டு ஒத்துவராம போறது அது. ஆக்கள் குறைவா இருக்கிறதோ, கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே விடை சொன்ன கேள்வி இருக்கிறதோதான் வழமையான காரணம், அந்தக் கேள்வியத் தூக்கிட்டு ஓட்டிப் பாருங்க.

எழுதுறது

ரிப்போர்ட்ல குணகத்த மட்டும் எழுதாதீங்க. நாலு பெட்டி டேபிளையும் போடுங்க, அது இருந்தா எவரும் தனக்குத் தேவையான குணகத்தத் தானே போட்டுப் பாக்கலாம். வசனம் இப்பிடி இருந்தா காணும்: "ஜி.பி.எஸ். வைத்திருப்போரில் 75 வீதத்தினரிடமும், இல்லாதோரில் 33 வீதத்தினரிடமும் உயிர்காப்பு அங்கி இருந்தது. ஃபை = 0.41, கை-ஸ்குயார் = 33.33, திருத்தமின்றி, சுயாதீனப் பாகை 1, எண்ணிக்கை 200, பி 0.001இலும் குறைவு. இரு மாறிகளின் வீதங்களுக்கு ஃபை எட்டக்கூடிய உச்சம் 0.82." டெட்ராகோரிக் எண்டா எந்த சொஃப்ட்வெயார், எந்த பேக்கேஜ், ஸ்டாண்டர்ட் எரர் எவ்வளவு, பூச்சியப் பெட்டி இருந்ததா இருந்தா என்ன செய்தது, அடியில தொடர்ச்சியான அளவு இருக்கு எண்டு ஏன் நினைச்சனீங்க எண்ட ஒரு வரி. வைவாவில கேக்கிறது அந்தக் கடைசி வரியத்தான், அதால அத டேட்டா எடுக்கப் போக முதலே எழுதி வைங்க.